பெட்டிக்குள் யாருடைய தானியம்?

“…அது அடங்கட்டும் மொதல்ல. உள்ள வேற யாரோடதோ அரைஞ்சிக்கினு கீது. அதுங்கூட என் ரேகையும் போயி கலந்துகிச்சின்னா, அப்புறம் நான் எந்தச் சல்லடைய எடுத்துக்கினு எங்க போறது?”

சொல்லிவிட்டு அந்த அக்கா வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். மேசைமேல் விரல் ரேகை பதியும் சின்னக் கண்ணாடி காத்துக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் என் கம்ப்யூட்டர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. கடைக்குள் நுழைந்ததிலிருந்து பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வாசலில் வந்து நிற்கிற முகம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல.

பக்கத்தில் அவருடைய பெண். பன்னிரண்டாவது முடித்தவள். கீழே கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சேரும் நாளன்று சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு. அன்றைக்கு விண்ணப்பத்தைப் பதிந்தால்தான் அது ஆபீசர் பார்வைக்குப் போய், விசாரித்து, நேரத்துக்குத் திரும்பி வரும். பதிவதற்கு அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருவருடைய ரேகை வேண்டும். போனுக்கு ஒரு எண் வரவைத்தும் செய்யலாம்தான், ஆனால் அக்காவின் ஆதாரோடு எந்தப் போனும் சேர்ந்திருக்கவில்லை. அப்பா குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். ஆக, அந்தப் பெண்ணின் படிப்பு மொத்தமும் அவள் அம்மாவின் முந்தானைக்குள் சுருண்டு கிடந்த ஒரு கட்டை விரலில் இருந்தது.

“எம்மோவ், வெய்யி மா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான் கண்ணு.”

கடையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை.

மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ருசி உண்டு. கம்ப்யூட்டரைக்கூட நான் காதால்தான் படித்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றபோது, அடுத்தவர் பேசுவதைக் கேட்டு, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தப்புத் தப்பாக அழுத்தி, திட்டு வாங்கிக் கற்றது. பிறகு கல்யாணமாகி மலைக்கு வந்து, வெள்ளிமலையில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கடை போட்டேன். இங்கே நான் சேர்த்துவைத்திருக்கும் பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் ‘எந்தச் சல்லடைய எடுத்துக்கினு எங்க போறது’ என்பதுபோல ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்த அக்கா ஏன் அப்படிப் பேசினார் என்பது புரிய, எங்கள் கடைக்கு அடுத்தாற்போல் இருக்கும் மாவு மில்லைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கடைக்கும் மில்லுக்கும் நடுவே ஒரே சுவர். சாமை, தினை, கேழ்வரகு என்று சுற்று ஊர்க்காரர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். மூட்டையை வைத்துவிட்டு, ‘அரைச்சு வெய்யுங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்’ என்று சொல்லிப் போகும் ஆளை நான் இங்கே பார்த்ததே இல்லை. முறை வரும் வரைக்கும் நிற்பார்கள். முறை வந்தால் மெஷினை ஒட்டி நிற்பார்கள். முன்னால் போனவருடைய தானியம் தீர்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்ப்பதில்லை, காதால் கேட்பார்கள். தானியம் இருக்கும்வரை மெஷினுக்கு ஒரு கனத்த சத்தம். தீரத் தீர அது மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் வெறும் இரும்பு சுற்றுகிற சத்தமாகும். அந்தச் சத்தம் வந்தால்தான் தன்னுடையதைக் கொட்டுவார்கள். அதுவும் முழுசாக இல்லை. முதலில் ஒரே ஒரு பிடி. அந்தப் பிடி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் அடுத்தவர் மாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அது கோழிக்கு. அதற்கப்புறம் அரைவதுதான் வீட்டுக்கு.

நடுவில் மெஷின் சட்டென்று நின்றுவிட்டால் யாரும் அசையமாட்டார்கள். பெல்ட் கழன்று நின்ற மெஷினுக்குள் யாருடைய தானியமோ இன்னும் கிடக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஊர்க் காதோடுதான் அந்த அக்கா என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். பெட்டி உறுமுகிறதா, அப்படியென்றால் உள்ளே யாருடையதோ ஓடுகிறது. அவர் கணக்கு அவ்வளவுதான்.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை நான் சின்னதாக நினைக்கமாட்டேன். போன வருஷம் சந்தைக்கு இரண்டு ஆட்கள் வந்திருந்தார்கள். இலவசமாக அடுப்பு தருகிறோம், பேர் பதியவேண்டும் என்று சொல்லி, கையில் ஒரு பலகை மாதிரிக் கருவியை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் ரேகை வாங்கிப் போனார்கள். அடுப்பு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் போலீஸ்தான் வந்தது. இந்த அக்காவின் வீட்டுக்காரர் பெயரில் ஒரு சிம் கார்டு எங்கேயோ வடக்கே ஓடிக்கொண்டிருந்ததாம், அதில் யாரையோ ஏமாற்றியிருந்தார்களாம். பட்டன் போன்கூட வைத்திருக்காத அந்த மனிதர் கச்சிராயபாளையம் போலீஸ் ஸ்டேஷனுக்கு இறங்குவதும் ஏறுவதுமாக அலைந்தார். ‘ஒரு தாட்டி விரல வெச்சதுக்கு இத்தினி நடை’ என்று அவர் என் கடை வாசலில் நின்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

ஆகவே அக்கா கையைச் சுருட்டிக்கொண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அந்தப் பெட்டிமேல் சந்தேகம் இருந்தது என்பதுதான் உண்மை.

அந்தப் பெட்டியை எனக்குக் கொடுத்தது என் தம்பி. மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை. அவன் புதிதாக ஒன்று வாங்கியதும், பழசை என் கடைக்கு அனுப்பிவைத்தான். வந்த நாளிலிருந்து உறுமல். வெயில் என்று நினைத்தேன். ஆடி மாசச் சாரலிலும் உறுமியது. உள்ளே பல்லி கூடு கட்டியிருக்கும் என்று கழற்றிப் பார்த்தேன். பிறகு என் சந்தேகம் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. மில்லுக்காரரிடம் போய், “ண்ணா, உங்க மாவுதான் என் பெட்டிக்குள்ள போயி குந்திக்கினு கீது” என்றேன். அவர் பனியனைத் தட்டிக்கொண்டே, “என் மாவு ஓசியில உன் வூட்டுக்கு வருதுன்னா, நீதாம்மா எனக்குக் குடுக்கணும்” என்றார். கள்ளக்குறிச்சியில் பெட்டியைத் துடைத்துக் கொடுத்த ரிப்பேர்க்காரர்மேலும் சந்தேகம், நல்ல விசிறியைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டிவிட்டாரோ என்று. வைரஸ் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எந்த வேலை எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எல்லாம் ஒழுங்காக, சாதுவாக இருந்தது. பார்க்கும்போது மட்டும் சாது. அதுதான் எனக்கு உறுத்தியது.

அன்றைக்கு அக்கா அப்படிச் சொன்னதும், “உள்ள ஒண்ணும் இல்ல க்கா, வெறும் ஃபேன் சத்தம்” என்று சொல்லிக்கொண்டே திரையைக் காட்டுவதற்காக மவுஸை நகர்த்தினேன்.

உறுமல் பட்டென்று அடங்கியது.

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அக்கா பெட்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு நின்னுச்சு?”

“தெரில க்கா.”

“நீ தொட்டதும் நின்னுச்சு. அடங்கி நிக்கல, பெல்ட்ட கழட்டி வுட்ட மாதிரி நிக்குது. உள்ள அப்படியே கீது.” பெண்ணின் பக்கம் திரும்பினார். “பாத்துக்கினியா? இவங்க கை பட்டா கம்முனு ஆவுது. கைய எடுத்தா மறுபடியும் ஆரம்பிக்கும் பாரு.”

“எம்மா, மெஷின பத்தி உனக்கு இன்னா மா தெரியும்?”

“மெஷின பத்தித் தெரியாது. உன்னப் பெத்து வளத்துக்கீறேன். ஆளு பாக்கும்போது படிக்கிற மாதிரி குந்தறது யாரு, போனதும் செல்ல எடுக்கறது யாரு?”

பட்டியலைத் திறந்து பார்த்த ஒவ்வொரு தடவையும் என் கை மவுஸ்மேல் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

பட்டியலைத் திறந்து திரையில் அப்படியே விட்டேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். “யாரும் எதையும் தொடாதீங்க” என்றேன். மூன்று பேரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், வரப்பில் பன்றிக்காகக் காவல் கிடப்பவர்கள் மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய கேழ்வரகோ அரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அடியிலிருந்து உறுமல் மெல்லக் கிளம்பியது. பட்டியலில் கீழே கிடந்த ஒரு பெயர் துள்ளி மேலே வந்து உட்கார்ந்தது. பெட்டியின் சக்தி மொத்தத்தையும் அது ஒன்றே விழுங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பெயரில் எதையும் ஏற்றியதும் இல்லை, அப்படி ஒரு பெயரைக் கேட்டதும் இல்லை.

“யாரு அது?” என்றார் அக்கா கிசுகிசுப்பாக.

தம்பிக்குப் போன் போட்டேன். டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரம் வைத்துப் பேசுவது வழக்கம். அன்றைக்கும் அப்படியே செய்தேன், ஒளிப்பதற்கு எதுவும் இல்லை என்று அக்காவுக்குத் தெரியட்டும் என்று.

“டேய், என் பெட்டிக்குள்ள இன்னாத்தடா வெச்சு அனுப்பிக்கீற?”

“ஒண்ணும் வெக்கலியே க்கா.”

பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

“எடுக்க மறந்துட்டேன்னு சொன்னா நம்புவியா?”

“மாட்டேன்.”

“அப்ப வேணும்னேதான் வுட்டேன்.”

பிறகு விளக்கினான். உலகம் பூராவும் கம்ப்யூட்டர்கள் பாதி நேரம் சும்மாதான் கிடக்கின்றன. விஞ்ஞானிகளிடம் மருந்து கண்டுபிடிப்பதற்கான பெரிய பெரிய கணக்குகள் இருக்கின்றன, ஒரு இடத்தில் வைத்துப் போட்டு முடிக்க முடியாதவை. அதைத் துண்டு துண்டாக்கி அனுப்புகிறார்கள். சும்மா கிடக்கிற நேரத்தில் நம் பெட்டி ஒரு துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். மவுஸைத் தொட்டால் ‘ஆள் வந்துவிட்டார்’ என்று ஒதுங்கிக்கொள்ளும். தொடாமல் இருந்தால் ‘சும்மாதான் கிடக்கிறது’ என்று தொடங்கும்.

“இஷ்டப்பட்டவங்க குடுக்கறதுதான் க்கா. யாரும் கட்டாயப்படுத்தல.”

“நான் எப்படா இஷ்டப்பட்டேன்?”

“உனக்குப் பதிலா நான் பட்டுட்டேன்.”

என் கடையில் ஏன் நாள் முழுக்க உறுமல் என்பதும் அப்போது விளங்கியது. மலைமேல் நெட் வருவதற்குள் விடிந்துவிடும். ஒரு பக்கம் திறக்க அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் என் தொழிலில் பாதி. அந்தக் காத்திருப்பை எல்லாம் அந்த மென்பொருள் ‘சும்மா’ என்று எடுத்துக்கொண்டது.

“காசு எதனா வருதா உனக்கு?” என்றேன். கேட்காமல் விடமுடியுமா?

“காசெல்லாம் இல்ல. பாயிண்ட்டு வரும்.”

“பாயிண்ட்ட வெச்சு இன்னா பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண முடியாது. எங்க ஆபீஸ்ல ஒரு டீம் கீது, யாரு ஜாஸ்தின்னு ஒரு போட்டி.”

“அப்ப என் பெட்டிய ஓட்டிக்கினு நீ பந்தயத்துல ஜெயிக்கிற.”

“நம்ம பெட்டி க்கா.”

இதுவரைக்கும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அக்கா போனைப் பார்த்துக் கையை நீட்டினார். “இவரு எங்க குந்திக்கினு கீறாரு?”

“மெட்ராஸ்ல க்கா. என் தம்பி.”

“மெட்ராஸ்ல குந்திக்கினு இங்க அரைக்கிறாரா?”

மறைத்துப் பேச எனக்கு வரவில்லை. “ஆமாம் க்கா. நீ சொன்னது சரிதான், உள்ள வேற ஆளோடதுதான் ஓடுது. டாக்டர் மருந்துக்கு ஒரு கணக்கு. நம்ம மில்லு சும்மா கெடக்கும்போது அவங்க தானியத்த அரைச்சுக் குடுக்கற மாதிரி. ஆனா உன் ரேகையோட அது கலக்காது. அதுக்குத் தனி ரூம்பு.”

“கூலி?”

“கூலி கெடையாது.”

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். அதுவரை கொஞ்சம் இளகியிருந்த அவர் முகம் கதவைச் சாத்தியதுபோல் ஆனது. அடுப்பும் இலவசம் என்றுதான் சொன்னார்கள். போதாததற்கு மில்லுக்காரர் அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் சத்தமாகப் பேச்சு நடந்தால் அவர் மெஷினை யாரிடமாவது பார்க்கச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

“இன்னா பஞ்சாயத்து?”

அக்கா சொன்னார். மெட்ராஸ், தம்பி, கூலி இல்லாத அரைப்பு எல்லாவற்றையும், நான் சொன்னதைவிடத் தெளிவாக.

“கூலி இல்லாமலா?” மில்லுக்காரர் மாவு படிந்த புருவத்தை உயர்த்தினார். “நான் மாமியா வூட்டுக்கு அரைச்சாக்கூட தவிட எடுத்து வெச்சுக்குவேன். இவன் இன்னாத்த எடுத்துக்கறான்?”

“பாயிண்ட்டு” என்றாள் அந்தப் பெண், பொறுக்கமுடியாமல்.

“அத்த துன்ன முடியுமா?”

“முடியாது.”

“அப்ப இதுல எதுவோ கீது” என்றார் மில்லுக்காரர். முன்பு நான் அவர்மேல் மாவுப் பழி போட்டதற்குப் பதில் கொடுக்கவேண்டியிருந்ததோ என்னவோ.

தம்பி இன்னும் லைனில் இருந்தான். “அக்கா, சத்தம்தானே பிரச்சினை? கம்மி பண்ணிடலாம். செட்டிங்ஸ்ல போ. நேரத்துல எத்தினி சதவீதம்னு ஒரு கட்டம் இருக்கும். நூறு இருக்கும், ஐம்பது ஆக்கு. பாதி நேரம்தான் வேலை செய்யும்.”

ஆக்கினேன். கையை எடுத்துக்கொண்டு நான்கு பேரும் காத்திருந்தோம். பெட்டி மறுபடி கிளம்பியது. ஆனால் இப்போது ஒரே சீராக இல்லை. உறுமும், தணியும். உறுமும், தணியும். ஒரு மூச்சு வேலை, ஒரு மூச்சு ஓய்வு என்று பாதியாக்கிக்கொண்டது போலிருக்கிறது. மேசைக்கு அடியில் ஏதோ மிருகம் படுத்து மூச்சு வாங்குவதுபோல் கேட்டது. சத்தம் குறைந்ததோ இல்லையோ, பயம் கூடிவிட்டது.

“கல்லு மாட்டிக்கிச்சு” என்றார் மில்லுக்காரர்.

அக்கா எழுந்துவிட்டார். “வா பாப்பா. போலாம்.”

“எம்மா!”

“வான்றேன். உங்க அப்பன் வரட்டும், அவரு வெக்கட்டும்.”

“அவரு வர்றதுக்குள்ள சீட்டு போயிடும் மா. போயிடும்னு சொல்றேன் இல்ல?” அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை குரலில்தான் இருந்தது, கண்ணில் இல்லை. “உனக்கு பயம்னா நீயே சாமைக் காட்டுல என்னையும் வெச்சுக்கோ. நான் எங்கியும் போவல.”

அக்கா வாசல்படியில் நின்றார். போகவும் இல்லை, திரும்பி உட்காரவும் இல்லை. அவருக்குப் பெண் படிக்கவேண்டும். மலையிலிருந்து தூளி கட்டித் தூக்கி இறங்கியபோது, ரோடு சேர்வதற்குள் தன் அண்ணிக்குப் பிரசவம் பார்த்த கை அவருடையது. ஊரில் ஒரு நர்சு இருந்தால் எப்படி இருக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் வீட்டுக்காரர் அலைந்த அலைச்சலையும் அவர்தான் பார்த்தார். இந்தப் பக்கம் பெண், அந்தப் பக்கம் விரல்.

நான் போனைக் கையில் எடுத்தேன். “டேய், பாதி நேரம் வேணாம். அது மூச்சு வாங்குது. வேற வழி சொல்லு.”

“அப்ப நேரத்த நூறே வெச்சிடு. கோர கம்மி பண்ணு.”

“கோருன்னா?”

“ஆளு மாதிரி க்கா. உன் பெட்டிக்குள்ள நாலு ஆளு கீறாங்க. இப்ப நாலு பேரும் அந்தக் கணக்கப் போடறாங்க. மூணு பேர வூட்டுக்கு அனுப்பிடு. ஒருத்தன் மட்டும் மெதுவா போடட்டும். விசிறி ஏறவே ஏறாது.”

எனக்கு ஒன்று தோன்றியது. “நான் தொடும்போது நிக்காம ஓட வெக்க முடியுமா?”

“ஏன் க்கா, அது இன்னும் தொல்லை இல்ல?”

“முடியுமா, முடியாதா?”

“முடியும். ‘ஆளு தொட்டா நிறுத்து’ன்னு ஒரு டிக்கு இருக்கும், அத்த எடுத்துடு. புதுசா வேலை வாங்காதேன்னும் ஒரு பட்டன் இருக்கும்.”

அக்காவைக் கூப்பிட்டேன். “யக்கா, விரல வெக்கவேணாம். வந்து நின்னு கேளு, போதும். மில்லுல நிக்கிற மாதிரி நில்லு.”

அவர் வந்து உட்காரவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார், பெட்டிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு. நான் நேரத்தைத் திரும்ப நூறாக்கிவிட்டு, அந்த டிக்கை எடுத்தேன். என் கை மவுஸின்மேலேயே இருந்தது. பெட்டி ஒளியாமல் உறுமத் தொடங்கியது, நாலு ஆளும் சேர்ந்து.

“இது நாலு ஆளு க்கா. இனிமே புதுத் தானியம் வாங்காதேன்னு சொல்லிட்டேன்.” ஆள் கணக்குக் கட்டத்தில் இருந்த நூறு சதவீதத்தை எழுபத்தைந்தாக்கினேன். “ஒருத்தன் வூட்டுக்குப் போயிட்டான்.” கொஞ்சம் பொறுத்து, உறுமலில் ஒரு கனம் குறைந்தது. மில்லுக்காரர் தலையைச் சாய்த்தார். ஐம்பதாக்கினேன். இன்னும் மெலிந்தது. இருபத்தைந்து. அதற்கப்புறம் கேட்டது வெறும் விசிறி சுற்றுகிற சத்தம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மில் மெஷினும் அந்நேரம் பார்த்து ஓய்ந்துகொண்டிருந்தது. எது எதனுடைய சத்தம் என்று பிரித்துச் சொல்லமுடியவில்லை.

“தீந்துகினு வருது” என்றார் மில்லுக்காரர், தன்னை மறந்து.

“இன்னும் ஒரு ஆளு கீறான் இல்ல?” என்றார் அக்கா.

“கீறான்.” எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டேன். “இப்ப அவனும் குந்திட்டான். என் கை இதுமேல இருக்கற வரைக்கும் எந்திரிக்கமாட்டான்.”

“நான் போன பின்னாடி?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காரியம் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காது பொய்யையும் கேட்டுப் பிடித்துவிடும் என்று எனக்குப் பயம். “நீ போன பின்னாடி எந்திரிப்பான். ஒருத்தனே. உள்ள பாதியில கெடக்கற கணக்க முடிக்கணும் இல்ல? உன் ரேகை அதுக்குள்ள இங்க இருக்காது, ஆபீசுக்குப் போயிடும்.”

“எத்தினி நாளைக்கு ஓடுவான்?”

“தெரில க்கா. நான் பாத்துக்கினே இருப்பேன்.”

அதைச் சொன்னபடி இன்றைக்கும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அந்த மென்பொருளை நான் எடுத்துப் போடவில்லை. எங்கேயோ ஒருவருக்கு மருந்தாகும் கணக்கு என் கடையில் ஒரு மூலையில் போடப்படுகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது, தம்பியின் பாயிண்ட்டைப் பற்றி எனக்கென்ன? புது வேலை வாங்கிக்கொள்ளட்டும் என்று அப்புறம் விட்டுவிட்டேன். ஆனால் ஒரு ஆளுக்கு மேல் விடவில்லை. நான் கையை எடுத்த உடனே கிளம்பாமல், நெட்டுக்காக நான் காத்திருக்கும் நேரத்தையும் தாண்டிப் பொறுக்கும்படி நிமிஷத்தைக் கூட்டிவைத்தேன். தம்பி ‘இன்னும் ரெண்டு ஆள விடு க்கா, டீம் பின்னாடி போயிடுச்சு’ என்று கெஞ்சுவான். விடுவதில்லை. அவ்வப்போது பட்டியலைத் திறந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பேன். பால் ஊற்றுகிறவர் அளக்கும்போது படியையே பார்க்கிற மாதிரி. நம்பிக்கை இல்லாமல் இல்லை. பார்த்துக்கொண்டே நம்புகிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு மேசைக்குப் பக்கத்தில் அக்கா குனிந்தார். காதைப் பெட்டியின் தகரத்தில் ஒட்டவைத்தார். மில்லுக்காரர் வாயில் விரல் வைத்து என்னைப் பேசாதே என்றார், நான் பேசவே இல்லை. அந்தப் பெண் நாற்காலியை விடவில்லை. நான் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. ரேகைக் கண்ணாடியின் விளக்கு மறுபடி எரிந்தது.

அக்கா நிமிர்ந்தார். வலது கையை முந்தானையிலிருந்து எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. இடது கையின் சுண்டு விரலை நீட்டிக் கண்ணாடிமேல் வைத்தார்.

“அந்த விரலு வேணாம் மா, கட்ட விரலு” என்றாள் பெண்.

“தெரியும். இது மொதப் புடி.”

நான் பட்டனை அழுத்தவில்லை. சுண்டு விரலை அவர் எடுத்தார். முந்தானை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார், இரண்டு பக்கமும், விளிம்பிலும். துடைத்ததை வாசல் பக்கம் கோழிக்குப் போடுவதுபோல் உதறினார். பிறகு வலது கட்டை விரலை எடுத்து அழுத்தமாக வைத்துவிட்டு, திரையையோ பெண்ணையோ பார்க்காமல், மவுஸ்மேல் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.